மின்னல் ஆட்ட மன்னர் மிகயீல் தால்

1992-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள். நோயுற்று மாஸ்கோ மருத்துவமனையில் படுத்திருந்த ஒருவர் எழுந்து வெளியே புறப்பட்டார். வீட்டிற்கன்று, சதுரங்கம் ஆட! அவர்தாம் மிகயீல் தால்.

லாத்வியாவின் தலைநகரான ரிகாவில் 1936 நவம்பர் 9-இல், மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் பிறந்தார். வலக்கை பிறவியிலேயே ஊனம்; ஆயினும் பியானோ நன்றாக வாசிப்பார். பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது கணிதமன்று, இலக்கியம். இல்ஃப், பெத்ரோவ் என்னும் நகைச்சுவை எழுத்தாளர்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். கலைக்கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இதில் சிறிது பெருமைதான்!

1960-இல் போத்வின்னிக்கை 12½ - 8½ என்று வென்று, 23 வயதிலேயே உலகப் பட்டத்தைப் பெற்றார். மறு ஆண்டே அவரிடம் அதை இழந்தார். நோய் அவரை விடவில்லை. 1962-இல் குராசோ போட்டியின் நடுவிலேயே மருத்துவமனை சேர்ந்தார். 1969-இல் ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டது.

அவருடைய ஆட்டமோ அஞ்சாத ஆட்டம். குதிரையையும் யானையையும் துணிந்து பலி கொடுப்பார். ஆற அமர ஆராய்ந்தவர்கள், அவற்றுள் சில பலிகள் தவறானவை என்று பின்னர் காட்டியதுண்டு. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த விடையைக் காண்பது எளிதா? ஒருவருக்கு ஐந்தே நிமிடம் என்னும் மின்னல் வேக ஆட்டத்தில், எதிராளிக்கு ஆராய ஏது நேரம்? இவ்வகை ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் நம் விடுதியிலும் உண்டு. அவர்கள் தாலின் ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். 1970-இல் யூகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் பிஷருக்கு அடுத்த இடம் அவருக்கே. 1988-இல் கனடாவின் செயின்ட் ஜானில், கஸ்பரோவும் கலந்துகொண்ட உலக மின்னல் வேகப் போட்டியில், 51 வயதில் முதலிடம் பெற்றார்.

அந்த மே மாதம் மாஸ்கோவில் நடந்ததும் மின்னல் வேகப் போட்டியே. எதிரே அமர்ந்தவர் அன்றைய உலக வாகையர் கஸ்பரோவ், வயது 29. தாலுக்கு 55, உடலோ தளர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த ஆட்டத்தில் வென்றவர் தால்!

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 28-இல், மாஸ்கோ மருத்துவமனையில் காலமானார். உடலைப் பிறந்த ஊராகிய ரிகாவிற்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர்.