பட்டாளத்தில் இருந்து கிராமத்துக்கு வந்த மன்றோ துரை
13 ஆண்டு கழித்து நிறைவேறிய வரிக்குறைப்பு

அண்ணா சாலையில் தீவுத்திடல் பக்கமாக பஸ்சில் போகிறவர்கள் அந்தச் சிலையைப் பார்த்து இருப்பார்கள். குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரத் துரை. குதிரைக்குச் சேணம் இல்லை. கால் வைக்க அங்கவடியும் இல்லை!

அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சென்னை கவர்னராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் பட்டாளத்துக்காரர்.

நொடித்த வியாபாரம்

மன்றோ 1761-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் வியாபாரி. அமெரிக்க சுதந்திரப் போரில் வியாபாரம் நொடித்துப் போனது. மகன் பிழைப்பு தேடி கப்பல் ஏறினார்.

1780-ல் சென்னையில் வந்து இறங்கியபோது வயசு 18. கம்பெனி பட்டாளத்தில் சேர்ந்தார். ஐதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நடந்த சண்டைகளில் கலந்து கொண்டார். ஓய்வு நேரத்தில் இந்துஸ்தானியும் பாரசீகமும் படித்தார். அந்தப் படிப்புதான் அவர் தலைவிதியை மாற்றியது.

கூடாரமே ஆபீஸ்

1792-ல் திப்புவிடம் இருந்து பாரமகால் சீமை கம்பெனி கைக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்தான் அது. நிர்வாகம் பண்ண ஆள் வேண்டும். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கோ ஜனங்களின் பாஷை தெரியாது! எனவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், ராணுவ கேப்டன் ரீடு என்பவரை அனுப்பினார். அவருக்கு உதவியாகப் போனவர்களில் மன்றோவும் ஒருவர்.

பட்டாளத்துப் பழக்கம் இங்கே கை கொடுத்தது. ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். நிலத்தை அளக்க வைத்தார். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே பேசி வரி போட்டார். ரயத்துவாரி முறை இப்படித்தான் வளர்ந்தது.

கம்பெனி மறுத்தது

1800-ல் பெல்லாரி, கடப்பை சீமைக்கு மாற்றல். அங்கே சுமார் 80 பாளையக்காரர்கள் ஆயுதம் ஏந்திய ஆட்களோடு இருந்தார்கள். அவர்களைக் கடுமையாகவே அடக்கினார். 7 வருஷம் அந்தச் சீமையைச் சுற்றினார்.

சுற்றிப் பார்த்ததில் ஓர் உண்மை தெரிந்தது. தாம் விதித்த வரி விவசாயிக்குத் தாங்காது! கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-ல் சிபாரிசு செய்தார். கம்பெனி கையை விரித்து விட்டது. மன்றோ சீமைக்குப் போய்விட்டார். அதன் பிறகு கிராமங்கள் குத்தகைக்கு விடப்பட்டன. பலர் நொடித்துப் போனார்கள்.

ஊர் வழக்கு ஊரிலே

1814-ல் திரும்பி வந்தார். 1816-ல் புதுச் சட்டங்கள் வந்தன. ரூ.10 வரை உள்ள வழக்கை கிராம முன்சீப்பே விசாரிக்கலாம். பஞ்சாயத்துக்கும் அதிகாரம் கிடைத்தது. சின்ன வழக்குக்காக ஜில்லா கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டிய கஷ்டம் குறைந்தது.

1820-ல் கவர்னர் ஆனார். 13 வருஷத்துக்கு முன் மறுக்கப்பட்ட வரிக்குறைப்பு அப்போதுதான் கிடைத்தது. ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் ரொக்கமாக வரி கட்ட முடியாமல் கடனில் விழுந்த விவசாயிகள் ஏராளம்.

கடைசிப் பயணம்

1827-ல் ஊருக்குத் திரும்பும் நேரம். புறப்படும் முன் பழைய சீமையை ஒரு தடவை பார்க்கப் போனார். காலரா பரவி இருந்தது. கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் ஜூலை 6-ந் தேதி காலராவுக்குப் பலியானார். வயசு 66.

முதலில் கூத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831-ல் உடல் சென்னைக் கோட்டையில் உள்ள செயிண்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. நன்கொடை வசூலித்து, லண்டன் சிற்பி சாண்ட்ரி செய்த சிலையை 1839-ல் நிறுவினார்கள்.

பத்திகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பு வைத்து, கிணறும் வெட்டினார்கள். சென்னையில் சிலை. அவர் உயிர் விட்ட ஊரில் நிழலும் தண்ணீரும்!