சானடோரியம் சளிப் பரிசோதனைக்கும் திடீர் அலர்ஜிக்கும் என்ன தொடர்பு? பால் எர்லிக்கின் கதை

மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. இதுபோன்ற மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் காசநோய்க் கிருமி. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர்.

முப்பது வருஷமா இறால் சாப்பிட்டவருக்கு ஒருநாள் திடீர்னு உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம் வருகிறதே, அதன் பின்னால் இருக்கும் 'மாஸ்ட் செல்'லுக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான்.

எர்லிக் பிறந்தது 1854 மார்ச் 14-ல், இன்று போலந்தில் இருக்கும் ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில். துணிகளுக்கான செயற்கைச் சாயங்கள் சந்தைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. சாயத்தை மனிதத் திசுவில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதுதான் மாணவர் எர்லிக்கின் கவலை. கைவிரல்களில் எப்போதும் நாலைந்து நிறம்.

1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் ஒரு விசித்திர செல்லைப் பற்றி எழுதினார். அதனுள்ளே குட்டிக் குட்டி மணிகள். மற்றதெல்லாம் ஒரு நிறமாகத் தெரிய, இந்த மணிகள் மட்டும் வேறு நிறமாக, ஊதா சாயலில் மின்னின. நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்து, தீனியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'மாஸ்ட்' என்பதை அதற்குப் பெயராக்கினார். அப்போது வயசு 24.

ஊகம் தப்பு. மணிகளில் இருந்தது தீனி இல்லை, வெடிமருந்து! ஆனால் அது தெரியவர முக்கால் நூற்றாண்டு ஆனது.

1882 மார்ச் 24. பெர்லினில் ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். கோக்கின் சாய முறை மெதுவானது, நம்பகமும் குறைவு. எர்லிக் உடனே வேலையில் இறங்கினார். சாயம் ஏறிய தகடுகளை அடுப்பின் மேல் உலர வைத்ததும், தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட்டதும், அந்தச் சூட்டில் கிருமி பளிச்சென்று தெரிந்ததும் மருத்துவ மாணவர்கள் கேட்டு வளரும் கதை. கதை எப்படியோ, அமிலத்தால் கழுவினாலும் இந்தக் கிருமி சாயத்தை விடாது என்பது அவர் கண்டுபிடிப்பு. பிறகு சீல், நீல்சன் என்ற இருவர் அதை மெருகேற்றினார்கள்.

1888-ல் தன் சளியிலேயே அந்தக் கிருமியைப் பார்த்தார். வறண்ட காற்றுக்காக மனைவியோடு எகிப்து போய்த் தங்கி, தேறித் திரும்பினார். 1908-ல் நோபல் பரிசு. அடுத்து ஜப்பானியரான ஹடாவோடு சேர்ந்து, சிபிலிஸ் நோய்க்கு '606' என்ற மருந்து. இவ்வளவுக்கும் நடுவில் ஒருநாளைக்கு இருபதுக்கு மேல் சுருட்டு. இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

அவர் உயிரோடு இருக்கும்போதே அலர்ஜி ஆராய்ச்சி சூடுபிடித்துவிட்டது. 1902-ல் பிரான்ஸில் ரிஷே, ஒருமுறை தாங்கிய விஷத்தை இரண்டாம் முறை சிறிதளவு கொடுத்தாலே நாய்கள் சாவதைக் கண்டார். 1906-ல் 'அலர்ஜி' என்ற சொல்லே பிறந்தது. ஆனாலும் எர்லிக்கின் ஊதா செல்லையும் இதையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. 1915 ஆகஸ்ட் 20-ல், 61 வயதில் எர்லிக் இறந்தார்.

1953-ல்தான் ரைலி, வெஸ்ட் என்ற இருவர், அந்த மணிகளுக்குள் இருப்பது ஹிஸ்டமின் என்று காட்டினார்கள். தோல், மூச்சுக்குழாய், குடல் என்று வெளியுலகம் தொடும் இடமெல்லாம் மாஸ்ட் செல்கள் காவல் நிற்கின்றன. தூண்டினால் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பு, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் அதனால் வருவதுதான்.

சிலருக்கு மரபணு மாற்றத்தால் இந்தச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும், அது மாஸ்டோசைட்டோசிஸ். சிலருக்கு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தொட்டதற்கெல்லாம் வெடிக்கும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட வலி மாத்திரை, எறும்புக்கடி, சென்ட் வாசனை இன்று ஆகாது. மே மாத வெயிலில் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறுவதேகூடப் போதும். வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, டென்ஷன் சேரச்சேர, தாங்கும் எல்லை இறங்கிவிடும். போன வாரம் சும்மா இருந்த பொருள் இந்த வாரம் வம்பு பண்ணுவது அதனால்தான்.

இவர்களுக்குப் பெரிய கொடுமை, வழக்கமான ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வருவது. எல்லாம் மனசுதான் என்ற பேச்சையும் கேட்க வேண்டியிருக்கும். உண்மையில், ஆய்வகங்களின் சாதாரண சாயத்தில் மாஸ்ட் செல் எளிதில் கண்ணில் படாது. தேடிப் போய் தனிச் சாயம் போட்டால்தான் தெரியும், எர்லிக் காலத்தைப் போலவே. ரத்தத்தில் 'டிரிப்டேஸ்' பார்க்கவும் நேரம் முக்கியம்: பாதிப்பு தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மாதிரி, முற்றிலும் குணமான பின் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துப்பு.

அதற்காக, திடீர் அலர்ஜி வந்த எல்லோருக்கும் இந்த நோய் என்று இல்லை, இது அபூர்வம். கூகுள் பார்த்துவிட்டு இஷ்டத்துக்குச் சாப்பாட்டைக் குறைக்காமல் அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். ஆனால் தடிப்போடு மூச்சுத்திணறலோ தலைச்சுற்றலோ வந்தால், ஒரு செட்ரிசின் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். அப்போது தேவை, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, 108-ஐ அழையுங்கள்.