கை கொடுத்த வைத்தியர்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. பல் வைத்தியர் ஒருவருக்குக் கை போனால் என்ன ஆகும்? வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வி அன்று இது. அவ்வாறு கையை இழந்த வைத்தியர் ஒருவர் உண்மையாகவே வாழ்ந்திருக்கிறார். அமெரிக்காவில், லூயிசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் தொழில் செய்த டாக்டர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ் என்பவரே அவர். பல் மருத்துவம் பயில்வோர் அவர் பெயரைத் தங்கள் பாடத்திலேயே படித்துவிடுகிறார்கள். பௌதிகம் பயிலும் எனக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தது ஆசிரியரும் அன்று, புத்தகமும் அன்று. என் கடைவாய்ப் பல்தான்!

சென்ற ஆண்டு ஓர் இரவு அந்தப் பல் என்னைத் தூங்கவிடவில்லை. ஊரில் இருந்திருந்தால் அம்மா கிராம்பு வைத்து, உப்பு நீரால் கொப்பளிக்கச் சொல்லியிருப்பார். இங்கே விடுதியில் கிராம்புக்கு எங்கே போவது? விடிந்ததும் கடைத்தெருவில் உள்ள பல் வைத்தியரிடம் ஓடினேன். அவர் தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய ஒரு தகட்டை என் வாய்க்குள் வைத்தார். அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவரும் உதவியாளரான அம்மையாரும் அறையைவிட்டு வெளியே போய்விட்டார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. பல்லின் வேர் முழுவதும் கணிப்பொறித் திரையில் தெரிந்தது. ஒரு கணத்தில் முடியும் வேலைக்கு இருவரும் ஏன் வெளியே ஓட வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்டேன். வைத்தியர் சிரிக்கவில்லை. கெல்ஸ் என்று ஒரு பெயரை மட்டும் சொல்லி, தேடிப் படித்துப் பார் என்றார். படித்தேன். படித்ததை நம் சங்க நண்பர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கெல்ஸ் பிறந்தது 1856-ஆம் ஆண்டு. தந்தையாரும் பல் வைத்தியரே. நியூயார்க்கில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1878-இல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பித் தந்தையாரோடு சேர்ந்து தொழில் தொடங்கினார்.

அந்நாளைய பல் வைத்திய சாலையைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். சன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சமே விளக்கு. பல்லைத் துளையிடும் கருவியை வைத்தியர் தம் காலால் மிதித்துச் சுழற்ற வேண்டும், தையற்காரர் இயந்திரத்தை மிதிப்பதைப் போல! கால் தளர்ந்தால் கருவியும் தளரும். நாற்காலியில் இருப்பவருக்கோ வேதனை வளரும். கெல்ஸ் இந்த நிலையில் மனநிறைவு கொள்ளவில்லை. நகரங்களில் மின்சாரம் அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அதைத் தம் வைத்திய சாலைக்குள் அழைத்துவந்த முதல்வர்களில் அவர் ஒருவர். அழுத்திய காற்றைப் பயன்படுத்தினார். வாயில் ஊறும் உமிழ்நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சி அகற்றும் கருவி செய்தார். அது அறுவை மருத்துவர்களுக்கும் பின்னர்ப் பெரிதும் பயன்பட்டது. தம் கருவிகளுக்காகச் சுமார் 30 காப்புரிமைகள் பெற்றவர் அவர்.

புதுமை என்பது கருவியோடு மட்டும் நிற்பதில்லை. 1885-இல் மல்வினா குவேரியா என்ற பெண்ணைத் தம் உதவியாளராக நியமித்தார். இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றலாம். அந்தக் காலத்தில் ஒரு பெண் கணவரோ தாதியோ துணைக்கு வராமல் தனியே வைத்தியரிடம் போவது வழக்கமில்லை. உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்பதை வெளியே பலகையில் எழுதி வைத்தார் கெல்ஸ். துணைக்கு ஆள் இல்லாத காரணத்தால் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த பெண்கள் தைரியமாக வரத் தொடங்கினார்கள். எந்தப் புதுமையையும் அவர் பகட்டுக்காகச் சேர்க்கவில்லை. எதிரே இருப்பவரின் துன்பத்தில் எது குறையும் என்று பார்த்தே சேர்த்தார் என்பது இதிலிருந்து விளங்கும்.

1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். செய்தி உலகெங்கும் பரவியது. 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் வால்க்காஃப் என்ற பல் வைத்தியர் தம் வாயையே படம் பிடித்துப் பார்த்தார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தார்! அதே ஆண்டில் நியூ ஆர்லியன்ஸிலிருந்த டூலேன் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பிரவுன் ஏயர்ஸ் இந்தக் கதிரை மக்களுக்குச் செய்து காட்டினார். கூட்டத்தில் கெல்ஸும் இருந்தார். கையின் எலும்புகளைக் கண்டு மற்றவர்கள் வியந்தார்கள். கெல்ஸின் எண்ணமோ பல்லின்மேல் சென்றது. பல் வைத்தியன் கண்ணால் காண்பது ஈறுக்கு மேலே உள்ள பகுதியை மட்டுமே. வேரும் அதைச் சூழ்ந்த எலும்பும் அவனுக்கு ஊகம்தான். பனிக்கட்டியின் மேல்நுனியைப் பார்த்துக் கப்பல் ஓட்டுவது போன்ற தொழில் அது. இந்தக் கதிர் ஊகத்தைக் காட்சியாக்கிவிடும் என்பதைக் கெல்ஸ் உடனே உணர்ந்தார்.

கருவியை வாங்கினார். 1896 ஜூலை மாதம் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில் தென்னாட்டுப் பல் வைத்தியர் சங்கம் கூடியபோது, அங்கே தம் கருவியைக் கொண்டுபோய் இயக்கிக் காட்டினார். ராண்ட்ஜன் கண்டு ஓராண்டுகூட நிறையவில்லை!

அன்று வாய்க்குள் வைப்பதற்கென்று படச்சுருள் கடையில் விற்கவில்லை. ஒளியும் எச்சிலும் படாதவாறு கெல்ஸ் தாமே சுற்றி அமைத்துக்கொண்டார். அது ஆடாமல் நிற்க ஒரு பிடிப்பானும் செய்தார். இதில் நுட்பம் ஒன்று உண்டு. மாலை வெயிலில் தென்னை மரத்தின் நிழல் மரத்தைவிட நீண்டு கிடப்பதையும், உச்சி வேளையில் காலடியில் சுருங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறோம். பல்லின் நிழலும் அப்படித்தான். கதிர் சாய்ந்து விழுந்தால் வேர் நீண்டோ குறுகியோ தோன்றி வைத்தியனை ஏமாற்றும். படத்தைப் பல்லுக்கு இணையாக வைத்து, கதிரை நேர் செங்கோணத்தில் விழச்செய்தால் நிழல் பொய் சொல்லாது. இந்த முறையைக் கெல்ஸ் அன்றே கண்டு கையாண்டார். இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் முறை இதுவே. 1899-இல் வேரின் குழாய்க்குள் ஓர் ஈயக் கம்பியைச் செலுத்திப் படம் பிடித்து, வேர் எவ்வளவு நீளம் என்று அளந்தார். என் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபோதும் மெல்லிய ஊசி ஒன்றை உள்ளே விட்டுப் படம் எடுத்தார்கள். நூற்றாண்டு கடந்தும் அந்த எண்ணம் பிழைத்திருக்கிறது.

இனிச் சொல்ல வேண்டியது துயரமான பகுதி.

அக்காலத்து எக்ஸ் கதிர்க் குழாயில் சிறிதளவு வாயு இருக்கும். குழாய் உழைக்க உழைக்க வாயுவின் அளவு மாறும்; அதனால் கதிரின் ஊடுருவும் ஆற்றலும் மாறும். நேற்று சரியாக இருந்த குழாய் இன்று சரியாக இராது. அதை அளக்க இப்போது நாம் காணும் மானிகள் அன்று இல்லை. வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? கதிருக்கு முன்னே தம் கையை நீட்டினார்கள். ஒளிரும் திரையில் தங்கள் விரல் எலும்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்தார்கள். தெரிந்தால் குழாய் சரி; இல்லையேல் திருத்த வேண்டும். கெல்ஸும் இதையே செய்தார். நோயாளியின் மேல் கதிர் பட்டது எப்போதோ ஒரு முறை. வைத்தியரின் கையின் மேலோ நாள்தோறும், ஆண்டுக் கணக்கில் பட்டது.

தீயைத் தொட்டால் கை உடனே சுடுகிறது. நாமும் உடனே எடுத்துவிடுகிறோம். எக்ஸ் கதிர் சுடுவதில்லை. உயிரணுவுக்குள் சென்று அதன் அமைப்பைச் சிதைக்கிறது. அந்தச் சிதைவு புற்றாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். கடன் வாங்கியவனுக்குக் கடன் வாங்கியதே தெரியாமல் வட்டி ஏறுவது போல! எச்சரித்தவர் இல்லாமலில்லை. பாஸ்டன் நகரத்துப் பல் வைத்தியர் வில்லியம் ராலின்ஸ், எக்ஸ் கதிர் உயிரையே போக்கும் என்பதைக் கினிப்பன்றிகளைக் கொண்டு சோதித்து 1901-இலேயே எழுதினார். ஈயத்தால் மறைப்புச் செய்யவும் சொன்னார். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இக்கதிரால் கைகளை இழந்து 1904-இல் இறந்தார். ஆயினும் புதுமையின் ஆரவாரத்தில் இந்தக் குரல்கள் பலர் காதில் விழவில்லை.

கெல்ஸின் இடக்கையில் புற்று தோன்றியது. அறுவை சிகிச்சை ஒன்றன்பின் ஒன்றாக முப்பதுக்கு மேல் நடந்தது. முதலில் விரல்கள் போயின. பிறகு கை போயிற்று. கடைசியில் தோள்வரை போயிற்று. இத்தனைக்கும் இடையே அவர் ஓய்ந்துவிடவில்லை என்பதே நம்மை வியக்கவைப்பது.

அக்காலத்தில் உடம்பில் தோன்றும் பல நோய்களுக்கும் பற்களில் ஒளிந்திருக்கும் கிருமிகளே காரணம் என்ற கொள்கை மருத்துவரிடையே பரவியிருந்தது. மூட்டு வலியா, வயிற்று வலியா, பல்லைப் பிடுங்கு என்று கட்டளை பிறந்தது. எக்ஸ் கதிர்ப் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று சொல்லி நல்ல பற்களையும் பிடுங்கினார்கள். பற்களைக் காப்பதற்காகத் தாம் கொண்டுவந்த கருவியே பற்களை அழிக்கும் சாக்காக மாறியதைக் கெல்ஸ் பொறுக்கவில்லை. 1920-இல் அதைக் கண்டித்து எழுதினார். காரணமின்றிப் பிடுங்கச் சொல்லும் மருத்துவரின் கட்டளையைப் பல் வைத்தியர் ஏற்கக்கூடாது என்று வாதாடினார். புதிய கருவியை முதலில் வரவேற்றவரே அதன் தவறான பயனை எதிர்ப்பதிலும் முன் நின்றார். இந்த இரண்டாவது துணிவு முதலாவதைவிடப் பெரிது என்பது என் கருத்து.

1925-இல் பல் வைத்தியருக்காக ஒரு நூலும், 1926-இல் தம் வாழ்க்கை நினைவுகளைக் கூறும் நூலும் வெளியிட்டார். எக்ஸ் கதிரோடு தாம் பழகிய 30 ஆண்டு அனுபவத்தையும் 1926-இல் எழுதினார். தமக்கு நேர்ந்ததை மறைக்கவில்லை; விதியை நொந்துகொள்ளவும் இல்லை. இக்கதிரால் நாள்தோறும் நலம் பெறுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கத் தாம் முறையிடுவது தகாது என்பதே அவர் நிலை. ஆனால் வலி ஓயவில்லை. 1928 மே 7-ஆம் தேதி, 71-ஆம் வயதில், தம் அலுவலகத்திலேயே அவர் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்.

அந்த முடிவை வைத்து அவரை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. அத்தனை ஆண்டு வேதனையை அனுபவிக்காத நாம் அதைப் பற்றி என்ன பேசுவது? அவர் வாழ்ந்த வாழ்வைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என்னைப் பற்றி ஒரு சிறு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சிக்கூடத்தில் படிகங்களின் அமைப்பை அறிய எக்ஸ் கதிர்க் கருவியில்தான் வேலை செய்கிறேன். கருவியின் கதவு முழுவதும் மூடினாலன்றிக் கதிர் வராது. கதவைத் திறந்தால் கதிர் தானே நின்றுவிடும். ஆய்வு நடக்கும்போது மாதிரிப் பொருளைச் சற்றே நகர்த்த வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நள்ளிரவில், களைப்பில், இந்தக் கதவை ஏமாற்ற ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணியிருக்கிறேன். எண்ணியது மட்டுமல்ல, வழி என்ன என்று குனிந்து பார்க்கவும் பார்த்திருக்கிறேன். சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய கதிர்மானி வில்லையை விடுதி மேசையிலேயே மறந்து போன நாட்களும் உண்டு.

கெல்ஸின் வரலாற்றைப் படித்த பிறகு அந்தக் கதவு எனக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை. அந்தக் கதவும், வில்லையும், பல் வைத்தியர் வெளியே போய் நின்ற அந்த ஆறடித் தூரமும் யாரோ ஓர் அதிகாரி எழுதிவைத்த சட்டம் என்று முன்பு நினைத்தேன். ஒவ்வொன்றும் ஒருவருடைய விரல், ஒருவருடைய கை என்று இப்போது அறிகிறேன்.

வாய்க்குள் வைக்கும் படச்சுருள் போய் மின்னணுத் தகடு வந்துவிட்டது. பல நிமிடம் பிடித்த வேலை நொடியின் சிறு பகுதியில் முடிகிறது. நாளை இதனினும் புதியது வரும். நம்மில் பலர் அதைச் செய்யவும், கையாளவும் போகிறோம். கெல்ஸைப் போல முதல் ஆளாக ஓடி வரவேற்போம். அதே வேளையில் இதனால் யார் கை சுடும், எப்போது சுடும் என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கதவைத் திறப்போம்.

நியூ ஆர்லியன்ஸ் வைத்தியர் நமக்குக் கை கொடுத்திருக்கிறார். அதை வீணாக்கலாகாது.