சூப்பர்மேனை வரைந்தவர்

ஜோ ஷஸ்டர் 1914ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ நகரில் பிறந்தார். தையல் தொழிலாளியான தந்தையின் வருமானம் போதவில்லை. தாள் வாங்க வழியின்றி, கடைகள் கழித்துப்போட்ட சுவர்த்தாள்களின் பின்புறத்தில் ஜோ படம் வரைந்து பழகினார்.

பின்னர், அவரது குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உயர்நிலைப்பள்ளியில் ஜெர்ரி சீகல் அவருக்கு நண்பரானார். சீகல் கதை எழுத, ஷஸ்டர் படம் வரைய, சூப்பர்மேன் பிறந்தான். பதிப்பாளர்கள் பலர் அவனை ஏற்க மறுத்தனர். 1938ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் முன்வந்தது. நண்பர்கள் இருவரும் 130 டாலருக்கு முழு உரிமையையும் விற்றுவிட்டனர்.

சூப்பர்மேன் உலகப் புகழ் பெற்றான். படைத்தவர்களோ பின்னாளில் வறுமையில் வாடினர். 1947ஆம் ஆண்டு அவர்கள் உரிமை கோரி வழக்குத் தொடுத்தனர். அதன்பின் கதைகளிலிருந்து அவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. ஷஸ்டரின் கண்பார்வையும் மங்கியது.

1975ஆம் ஆண்டு, சூப்பர்மேன் கதையைத் திரைப்படமாக்கும் பணி நடந்தபோது, சீகல் தங்கள் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஓவியர்கள் பலர் துணைநின்றனர். நிறுவனம் இருவருக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க இணங்கியது. 1978ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் அவர்களின் பெயர்கள் இடம்பெற்றன.

ஷஸ்டர் 1992ஆம் ஆண்டு மறைந்தார். சூப்பர்மேனைப் படைத்தவர்களுள் ஒருவராக அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.