வாயில்லா உயிர்கள் வளர்த்த துணிவு

உத்தமபாளையத்தில் முல்லைப் பெரியாற்றங்கரை வழியே மாலையில் நடந்து சென்றால், ஆட்டுக்குட்டியைத் தோளிற் சுமந்து வரும் சிறுவர்களைக் காணலாம். வகுப்பில் எழுந்து விடை கூற நாணும் சிறுவனும் தன் ஆட்டுக்குட்டியிடம் தயக்கமின்றி உரையாடுவான். அத்தகைய அன்பு ஒருவரது வாழ்வையே உயர்த்த வல்லது. கடல் கடந்த ஆங்கில நாட்டில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பெற்றோர் செல்வர். ஆயினும் அவர் பள்ளிக்கு அனுப்பப்பட்டிலர். ஆசிரியைகள் இல்லத்திற்கே வந்து கற்பித்தனர். ஒத்த வயதுத் தோழியர் இன்மையால், புதியவர் முன்னிலையில் ஒதுங்கி நிற்கும் கூச்சம் அவரிடம் குடிகொண்டது. ஆறாண்டு இளையவனான தம்பியும் பின்னர் வெளியூர்ப் பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

அத்தனிமையில் அவருக்குத் துணையாயின முயலும் எலியும் தவளையும் வௌவாலும் போன்ற சிற்றுயிர்களே. அவற்றை வீட்டினுள் வைத்து வளர்த்தார். அஞ்சியோடும் உயிரை அணுகுதற்குப் பொறுமை வேண்டும், அமைதியும் வேண்டும். கூச்சமுடைய அச்சிறுமிக்கு இவ்விரண்டும் இயல்பாகவே வாய்த்திருந்தன. பிறர் குறையெனக் கருதக்கூடியதே அங்கு நிறையாயிற்று. கண்டவற்றையெல்லாம் நுணுக்கமாகப் படம் வரைந்து பழகினார். கை தேர்ந்தது; உள்ளமும் உறுதி பெற்றது.

வளர்ந்த பின்னர்ப் பீட்டர் என்னும் முயலொன்றைப் பேணி வந்தார். 1893இல் தம் முன்னாள் ஆசிரியையின் இளமகன் நோயுற்றிருந்தான். அவனை மகிழ்விக்கும் பொருட்டு, அம்முயலின் பெயரால் ஒரு கதை புனைந்து, படங்களுடன் மடலாக விடுத்தார். பின்னாளில் அதனை நூலாக்க விழைந்தபோது பதிப்பாளர் பலரும் மறுத்தனர். பழைய கூச்சமே மேலோங்கியிருப்பின் அவர் அத்துடன் அடங்கியிருப்பார். அவரோ சோர்ந்திலர், தம் பொருளைச் செலவிட்டு 1901இல் 250 படிகள் அச்சிட்டார். முன்னர் மறுத்த பதிப்பகங்களுள் ஒன்றே 1902இல் அந்நூலை வெளியிட்டது. உலகெங்கும் குழந்தைகள் அதனை விரும்பிப் படித்தனர்.

நூல் வருவாயும் துணைசெய்ய, 1905இல் இங்கிலாந்தின் ஏரி நாட்டில் ஹில் டாப் என்னும் பண்ணையை வாங்கினார். நாளடைவில் ஹெர்ட்விக் என்னும் மலையாட்டினத்தை வளர்ப்பதில் வல்லவரானார். ஆட்டுக் கண்காட்சிகளில் உழவரிடையே நின்று, எந்த ஆடு சிறந்ததெனத் தீர்ப்புரைக்கும் நடுவராகவும் விளங்கினார். அவ்வாட்டினம் வளர்ப்போர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவிக்குத் தேர்வுபெற்ற முதற் பெண்மணி அவரே. பொறுப்பேற்கு முன்னர், 1943ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் மறைந்தார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலங்களை, இயற்கை எழிலைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பிற்கு உரிமையாக்கிச் சென்றார்.

கூச்சம் குற்றமன்று. அமைதியாய் இருப்போர்க்கும் ஆற்றல் உண்டு. அன்பு கொள்ள ஓர் உயிரும், ஈடுபட்டுச் செய்ய ஒரு பணியும் வாய்க்குமாயின் அவ்வாற்றல் தானே வெளிப்படும். நும் வகுப்பில் வாய்திறவாதிருக்கும் மாணவரை எள்ளாதீர்; அவரொடு நட்புக் கொள்வீராக!