பெட்டினோ ரிக்காசோலி

பெட்டினோ ரிக்காசோலி (மார்ச் 9, 1809 – அக்டோபர் 23, 1880) இத்தாலியின் இரண்டாவது பிரதமரும், டஸ்கனிப் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழாரும் ஆவார். பிடிவாத குணத்தின் காரணமாக இவர் "இரும்புப் பிரபு" என்று அழைக்கப்பட்டார். கியாந்தி என்னும் புகழ்பெற்ற சிவப்பு வைனின் (திராட்சை மது) கலவையை வரையறுத்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார்.

இளமை

ரிக்காசோலி புளோரன்ஸ் நகரில் பழமையான பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சியேனாவுக்கு அருகே, கயோலே என்னும் ஊரை அடுத்துள்ள புரோலியோ கோட்டை 1141 ஆம் ஆண்டு முதல் இக்குடும்பத்திற்கு உரியது. இளம் வயதிலேயே பெற்றோரை இழந்த இவருக்குக் கடன் சுமையில் இருந்த பண்ணைகளும், தம்பியரைக் காக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தன. இதன் பொருட்டு, 18 வயதிலேயே டஸ்கனிப் பெருங்கோமகனின் ஆணைப்படி சட்டப்படி வயது வந்தவராக ஏற்கப்பட்டார். 1830 இல் அன்னா போனக்கோர்சியை மணந்தார். நடன விருந்தொன்றில் வேறொருவர் மனைவியிடம் நெருங்கிப் பழகியதைக் கண்டு பொறாது, அன்றிரவே அவரைப் புரோலியோவுக்கு அழைத்துச் சென்றுவிட்டார் என்றொரு கதை வழங்குகிறது.

அரசியல் வாழ்க்கை

1847 இல் "லா பாத்ரியா" என்னும் செய்தித்தாளைத் தொடங்கினார். 1859 ஏப்ரலில் பெருங்கோமகன் இரண்டாம் லியோபோல்டு புளோரன்சை விட்டு வெளியேறியபின் அமைந்த இடைக்கால அரசில் உள்துறை அமைச்சராகவும், பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். பழைய ஆட்சியாளரை மீண்டும் அமர்த்தும் திட்டத்தை உறுதியாக எதிர்த்தார். 1860 மார்ச்சில் நடந்த பொது வாக்கெடுப்பு மூலம் டஸ்கனி, பியத்மாந்து அரசுடன் இணைந்தது.

1861 ஜூனில் முதல் பிரதமர் கவூர் இறந்ததும் ரிக்காசோலி பிரதமரானார். 1862 மார்ச்சில் பதவி விலகினார். 1866 ஜூனில் மீண்டும் பதவியேற்றார். இக்காலத்தில் ஆஸ்திரியாவுடன் நடந்த போரின் முடிவில் வெனிசுப் பகுதி இத்தாலியுடன் சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையுடன் உடன்பாடு காண முயன்ற இவரது திட்டத்திற்கு நாடாளுமன்றம் இசையவில்லை. 1867 ஏப்ரலில் பதவியை விட்டார்.

கியாந்தி வைன்

கியாந்தி என்பது புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதி. 1716 இலேயே மூன்றாம் கோசிமோ ஓர் ஆணை மூலம் இதன் எல்லைகளை வகுத்திருந்தார். ரிக்காசோலியின் காலத்தில் நிலங்கள் வார முறையில் பயிரிடப்பட்டன. குடியானவர் விளைச்சலில் பாதியை நிலக்கிழாருக்கு அளிப்பர். பல வகைத் திராட்சைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. நொதித்து முடிந்த வைனில், உலரவைத்த திராட்சையின் சாற்றைச் சேர்த்து மீண்டும் மெதுவாக நொதிக்கச் செய்யும் "கொவெர்னோ" முறையும் வழக்கில் இருந்தது.

பிரான்சு நாட்டு வைன்களுக்கு நிகரான தரத்தைத் தம் மண்ணிலும் பெற வேண்டும் என்று ரிக்காசோலி விரும்பினார். 1851 இல் பிரான்சு சென்று அங்குள்ள முறைகளைக் கற்றார். பின்னர் புரோலியோவில் பல திராட்சை வகைகளைச் சோதித்து, தம் முடிவுகளை 1872 இல் பீசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்தூதியாத்திக்கு எழுதிய மடலில் விளக்கினார். அதன்படி:

• சாஞ்சோவேசே – மணத்தையும் வலிமையையும் தருவது, கலவையின் அடிப்படை.
• கனயோலோ – மணத்தைக் கெடுக்காமல் கடுமையைத் தணிப்பது.
• மால்வாசியா – வைனை இலகுவாக்கும் வெள்ளைத் திராட்சை. நாள்தோறும் உணவுடன் அருந்தும் இளம் வைனுக்கு ஏற்றது. நீண்ட நாள் முதிர வைக்கும் வைனுக்கு இது தேவையில்லை என்பது அவர் கருத்து.

பிற்காலத் தாக்கம்

இந்த மூன்றாவது கருத்தில் இருந்த வேறுபாடு பிற்காலத்தில் மறக்கப்பட்டது. 1932 இல் கியாந்தி என்ற பெயருக்குரிய பரப்பு வெகுவாக விரிவாக்கப்பட்டது. 1967 இல் வந்த விதிகள் 10 முதல் 30 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை சேர்ப்பதைக் கட்டாயமாக்கின. இவற்றுள் மால்வாசியாவுடன், ரிக்காசோலியின் கலவையில் இடம்பெறாத திரெபியானோவும் அடங்கும். இவ்விதி அவரது கலவையைத் தழுவியதாகவே கருதப்பட்டது. ஆயினும், முதிர வைக்கும் வைனுக்கு அவர் விலக்கியதையே இது எல்லா வைனுக்கும் விதித்தது. இதனால் நிறமும் உறுதியும் குன்றிய வைன்கள் பெருகின. தரம் நாடிய உற்பத்தியாளர் சிலர் கியாந்தி என்ற பெயரையே துறந்து, சாஞ்சோவேசேயை முதன்மையாகக் கொண்டு வைன் செய்தனர்.

1984 இல் வெள்ளைத் திராட்சையின் அளவு குறைக்கப்பட்டது. பழைய மையப் பகுதிக்கு உரிய "கியாந்தி கிளாசிக்கோ" வைனில் 2006 அறுவடை முதல் வெள்ளைத் திராட்சை முற்றிலும் விலக்கப்பட்டது. அதில் சாஞ்சோவேசே குறைந்தது 80 விழுக்காடு இருத்தல் வேண்டும். முதிரும் வைனைப் பற்றி ரிக்காசோலி 1872 இல் கூறியதை விதிகள் எட்ட 134 ஆண்டுகள் ஆயின.

இறப்பு

ரிக்காசோலி 1880 அக்டோபர் 23 அன்று புரோலியோ கோட்டையில் காலமானார்.