கார் கம்பெனியையே வளைத்த கடைக்காரர்!

பந்தய வீரர் டான் யென்கோவின் வாழ்க்கைக் கதை

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். பிட்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. அங்கே கேனன்ஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர்.

அந்த ஊரில் கார் கடை வைத்திருந்த ஒருவர், ஜெனரல் மோட்டார்ஸ் என்ற மாபெரும் கம்பெனியின் சட்டத்தையே தன் வழிக்கு வளைத்தார்.

அவர்தான் டான் யென்கோ.

அப்பாவின் கடை

டான் பிறந்தது 1927-ம் ஆண்டு. அவருடைய அப்பா, பக்கத்து ஊரான பென்ட்லிவில்லில் கார் கடை தொடங்கினார். பிறகு கேனன்ஸ்பர்க்கிலும் ஒரு கடை வந்தது.

டானுக்குச் சின்ன வயசிலேயே வேகத்தின் மீது மோகம். 16 வயதிலேயே விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டார். விமானப் படையில் வேலை பார்த்தார். கல்லூரியில் வியாபாரப் படிப்பும் படித்தார்.

ஊர் திரும்பியதும் அப்பாவின் கடையில் உட்கார்ந்தார். ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சும்மா இருக்க முடியவில்லை. கார்வெட் காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒரு முறை, இரண்டு முறை அல்ல. நான்கு முறை தேசிய சாம்பியன் ஆனார்!

100 கார் கணக்கு

1965-ல் ஒரு சோதனை வந்தது. எதிராளிகளின் கார்கள் எடை குறைந்தவை. கார்வெட்டால் அவற்றோடு ஈடு கொடுக்க முடியவில்லை. கார்வேர் என்ற சின்னக் காரைப் பந்தயத்துக்கு மாற்றலாம் என்று டான் முடிவு செய்தார்.

சங்கத்தின் விதி குறுக்கே நின்றது. பின் சீட்டு உள்ள கார் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. அதோடு, அதே மாதிரி 100 கார் செய்து காட்டவேண்டும். ஒன்றிரண்டு செய்து கொண்டுவந்து நிறுத்தினால் செல்லாது.

டான் மலைக்கவில்லை. பின் சீட்டைக் கழற்றினார். வெள்ளை நிறத்தில் 100 கார்களை வரவழைத்தார். கடை ஆட்கள் இராப்பகலாக வேலை செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 100 காரும் தயார்! அதற்கு ஸ்டிங்கர் என்று பெயர் வைத்தார். 1967-ல் அந்தக் கார் தன் பிரிவில் தேசிய சாம்பியன் பட்டமும் வாங்கிக் கொடுத்தது.

விதியோடு சண்டை போடுவதைவிட, விதியைப் படித்து அதற்குள் புகுந்து வருவதே புத்திசாலித்தனம் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார்.

400-க்கு மேல் கூடாது!

அந்தச் சமயம் அமெரிக்க வாலிபர்களுக்கு இன்னொரு பைத்தியம் பிடித்திருந்தது. அதுதான் டிராக் பந்தயம்.

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் சீறிப் பாயும். தூரம் கால் மைல். அதாவது சுமார் 400 மீட்டர். இரண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடுவே உள்ள தூரம்தான். முதலில் போய்ச் சேருகிறவர் ஜெயித்தார்.

இதில் ஸ்டாக் என்று ஒரு பிரிவு உண்டு. சாதாரண ஜனங்கள் கடையில் வாங்குகிற காரைக் கொண்டு ஓடுகிற பிரிவு. அதில் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது. எந்தக் காரில் எந்த என்ஜினைத் தொழிற்சாலை பொருத்தியதோ, அந்த என்ஜின்தான் இருக்கவேண்டும். வெளியே மாற்றிப் பொருத்தினால் ஸ்டாக்கில் இடம் கிடையாது.

ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு பூட்டுப் போட்டிருந்தது. சின்னக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது! புதிதாக வந்த கமாரோ காருக்கும் அதே கதிதான்.

டான் 1967-ல் துணிந்து இறங்கினார். கமாரோ கார்களை வாங்கி, அந்த என்ஜினை இறக்கிவிட்டு, 427 கன அங்குல என்ஜினை ஏற்றினார். அது 7 லிட்டர் என்ஜின். அம்பாசடர் காரில் இருந்தது ஒன்றரை லிட்டர் என்ஜின்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

கார் பறந்தது. வாங்கியவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் ஒரு குறை. அது கடையில் பிறந்த கார். தொழிற்சாலையில் பிறந்தது அல்ல. ஸ்டாக் விதி அதை ஒதுக்கியது. என்ஜின் மாற்றுகிற கூலியும் நேரமும் வேறு டானைக் கடித்தது.

டாக்சிக்கு வைத்த வாசல்

அப்போதுதான் அவர் ஒரு பின்வாசலைக் கண்டுபிடித்தார்.

டாக்சிக் கம்பெனிகள், போலீஸ் இலாகா போன்றவை மொத்தமாகக் கார் வாங்கும்போது தனிக் கோரிக்கை வைப்பது உண்டு. அதற்காகச் செவர்லே கம்பெனி ஒரு ஆர்டர் முறை வைத்திருந்தது. சுருக்கமாகக் கோப்போ என்பார்கள். மேலிடத்துப் பார்வை அதிகம் படாத வாசல் அது.

அந்த வழியாகவே 427 என்ஜின் போட்ட கமாரோவுக்கு டான் ஆர்டர் கொடுத்தார். 1969-ல் தொழிற்சாலையே அந்த என்ஜினைப் பொருத்தி அனுப்பியது! கடையில் மிஞ்சிய பெரிய வேலை, பக்கவாட்டில் யென்கோ கோடு ஒட்டுவதுதான். சுமார் 200 கார்கள் இப்படி விற்பனையாயின.

காகிதத்தில் தொழிற்சாலைக் கார். ஓட்டத்தில் பந்தயக் கார்!

இதே வாசலில் புகுந்து கையைச் சுட்டுக்கொண்டவரும் உண்டு. இல்லினாய் மாநிலத்துக் கடைக்காரர் பிரெட் கிப், டிராக் சங்கம் கேட்ட 50 கார் கணக்குக்காக, அலுமினிய என்ஜின் போட்ட 50 கமாரோக்களை ஆர்டர் கொடுத்தார். பில் வந்ததும் அதிர்ந்து போனார். ஒரு கார் 7 ஆயிரம் டாலருக்கு மேல்! வாங்க ஆள் இல்லை. 30-க்கு மேற்பட்ட கார்களைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆட்டம் முடிந்தது

டானுக்கும் சறுக்கல் வந்தது. அதே 427 என்ஜினை நோவா என்ற இன்னும் சின்னக் காரிலும் போட்டு விற்றார். சுமார் 40 கார்கூடத் தேறவில்லை. அது ஆபத்தான வண்டி என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. இளவட்டங்கள் பெரிய என்ஜின் கார் வாங்கினால் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றின. 1970-ல் டான் 350 கன அங்குல என்ஜினுக்கு இறங்கி வந்தார்.

அடுத்து வேகா காரில் டர்போ பொருத்தப் பார்த்தார். புகைக் கட்டுப்பாட்டு இலாகா, 50 ஆயிரம் மைல் ஓட்டிக் காட்டச் சொன்னது. சின்னக் கடைக்காரரால் அந்தச் செலவு தாங்குமா? விதிகளையே படிக்கட்டாக்கி ஏறியவரை, கடைசியில் ஒரு விதியே தடுத்து நிறுத்தியது.

1982-ல் கடையை விற்றார்.

1987 மார்ச் 5-ந் தேதி. மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் அருகே, தானே ஓட்டி வந்த சிறிய விமானத்தைத் தரை இறக்கும்போது விபத்து நேர்ந்தது. டான் யென்கோ மரணம் அடைந்தார். வயது 59. பந்தயக் களத்தில் எத்தனையோ முறை தப்பிய உயிர், சிறு வயதில் ஆசையாகக் கற்ற விமானத்தில் போயிற்று.

அவருடைய கமாரோக்கள் பிறகு ஏலத்தில் பல லட்சம் டாலருக்குப் போயின. போலிகளும் கிளம்பின. அதனால் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது காரின் அழகை அல்ல. என்ஜின் நம்பரையும் பழைய ஆர்டர் காகிதத்தையும்தான்!

தொழிற்சாலையில் பிறந்ததா, கடையில் பிறந்ததா என்ற அந்தப் பழைய கேள்வி, அவர் போன பிறகும் அந்தக் கார்களை விடவில்லை.